மூட்டையில் அச்சிடாத எண்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா வரை, பழைய பால்மர (ரப்பர்) தோட்டங்களை ஒட்டிய வீடுகளின் பின்கட்டில் இன்றும் கீரைப்பாத்தி இருக்கும். அங்கே அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் இது. ஒருவர் ராக் பாஸ்பேட் போடுகிறார். "அது வெறும் பாறை மாவு. மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகிறது" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஆலையில் செய்த குருணை உரம் போடுகிறார். "கெமிக்கல் போட்ட கீரை உடம்புக்கு ஆகாது" என்று முதலாமவர் அவரை எச்சரிப்பார். இருவரில் யார் வீட்டுக் கீரையில் நஞ்சு குறைவு?

மூட்டையைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றுக்கும் எண்கள் அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் மக்னீசியத்துக்கும் ஓர் எண் இருக்கும். நமக்கு வேண்டிய எண் காட்மியத்தின் எண். பெரும்பாலான மூட்டைகளில் அது இருப்பதில்லை.

காட்மியம் ஒரு கன உலோகம். எடை மிகுந்த, சிறிய அளவிலேயே உயிருக்குக் கேடு செய்யக்கூடிய ஈயம், பாதரசம் போன்றவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. யூரியாவிலும் பொட்டாஷிலும் அது இல்லை என்றே சொல்லலாம். வருவதெல்லாம் மணிச்சத்தோடு, அதாவது பாஸ்பேட்டோடுதான். எந்த ஆலையும் அதைக் கலப்பதில்லை. பாறையிலேயே இருக்கிறது. ஆகவே "இயற்கையா, செயற்கையா" என்ற கேள்வி இங்கே உதவாது. "எந்த ஊர்ப் பாறை?" என்று கேட்டால்தான் விஷயம் நகரும்.

கடலில் சேர்ந்த கூட்டு

உலகின் பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி பழைய கடலடியில் படிந்தது. இதைப் படிவுப் பாறை என்போம். மொரோக்கோ, துனிசியா, ஜோர்டான், எகிப்து ஆகிய நாடுகளின் சுரங்கங்கள் இந்த வகை. பூமியின் ஆழத்திலிருந்து உருகி வந்து இறுகிய பாறை இன்னொரு வகை. அதைத் தீப்பாறை என்போம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் தென்னாப்பிரிக்காவின் பலபோராவிலும் கிடைப்பது அதுதான். இலங்கையில் அனுராதபுரத்துக்கு அருகே 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவல பாறையும் தீப்பாறையே.

கடல் பாறையில் மட்டும் காட்மியம் ஏன் சேர்ந்தது? 1976இல் கடலாய்வாளர் எட்வர்ட் பாயிலும் அவருடைய சகாக்களும் கடல்நீரை ஆழம் ஆழமாக அளந்து பார்த்தார்கள். மேல்மட்டத்தில் பாஸ்பேட் குறைவாக இருந்த இடத்தில் காட்மியமும் குறைவாக இருந்தது. ஆழத்தில் ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்கள் இரண்டையும் சேர்த்தே உடலில் எடுத்துக்கொள்கின்றன, செத்து மூழ்கும்போது சேர்த்தே இறக்கிவிடுகின்றன என்பதுதான் அதன் பொருள். சில கடற்பாசிகள் துத்தநாகம் கிடைக்காதபோது அதன் இடத்தில் காட்மியத்தை வைத்து வேலையை நடத்திக்கொள்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. நமக்கு நஞ்சு, அவற்றுக்கு மாற்று உதிரிபாகம்.

அந்த உயிர்களை மீன் தின்றது. மீனைப் பறவை தின்றது. பறவையின் எச்சம் தீவுகளில் குவிந்தது. பசிபிக் கடலின் நவூரு தீவுப் பாறையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் காட்மியம் இருந்ததன் பின்கதை இதுதான். கோலா பாறையில் அது ஒரு மில்லிகிராமைத் தாண்டுவதே அரிது. ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பாறைகளுக்கு இடையே நூறு மடங்கு வித்தியாசம்.

பேராக்கிற்கு வந்த வழி

1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று அங்குள்ள மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. பத்தாண்டு கழித்து, 1887இல், ஜான் மர்ரே என்ற கடலாய்வாளர் ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த கற்களைச் சோதித்தார். அது அருமையான பாஸ்பேட் என்று கண்டுகொண்டார். மறு ஆண்டே பிரிட்டன் அந்தத் தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1897இல் சுரங்கக் கம்பெனி எழுந்தது. 1958இல் ஆஸ்திரேலியாவின் கைக்குப் போகும்வரை தீவின் நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்துதான் நடந்தது.

மரமும் பாறையும் மலாயாவில் சந்தித்தது தற்செயல் இல்லை. இங்குள்ள மேட்டு நில மண் பெரும்பாலும் அமிலத்தன்மை மிக்கது. ஆண்டு முழுதும் பெய்யும் மழை சுண்ணாம்பையும் மற்ற உப்புகளையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. அத்தகைய மண்ணில் பாறையை ஆலைக்கு அனுப்பி அமிலத்தில் கரைக்கத் தேவையில்லை. அரைத்து மாவாக்கித் தூவினாலே மண்ணின் அமிலம் அதை மெல்லக் கரைத்து வேருக்குக் கொடுக்கும். மலிவான வழி. கன்று நடும் குழியில் அதைப் போட்டார்கள். மரங்களுக்கு நடுவே பரப்பிய மூடுபயிர்க் கொடிகளுக்கும் போட்டார்கள். பின்னாளில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் பாறை மாவு தொடர்ந்தது. உரம் தூவிய பெண்களின் கைகளும் சேலையும் மாலையில் எந்த நிறத்தில் இருந்தன என்பது தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத சங்கதி.

கிறிஸ்துமஸ் தீவுப் பாறையின் காட்மியம் நவூருவை விடக் குறைவு, கோலாவை விட மிக அதிகம். இன்று எகிப்து, ஜோர்டான் போன்ற நாடுகளின் பாறையும் மலேசியாவுக்கு வருகிறது. ஜோர்டான் பாறை கடல் பாறைதான் என்றாலும் அதில் காட்மியம் சற்றே சொற்பம். கடல் பாறை என்றதும் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

ஓர் ஏக்கரின் கணக்கு

பயமுறுத்துவது எளிது, கணக்குப் பார்ப்பதுதான் சிரமம். பார்த்துவிடுவோம்.

ஓர் ஏக்கர் தோட்டம். ஆண்டுக்கு 100 கிலோ பாறை மாவு. ஒரு கிலோ மாவில் 20 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒரு தோட்டத்தின் எண்ணும் அல்ல இது, கணக்குக்காக எடுத்தது. ஆண்டுக்கு 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் நிலத்தில் விழும். கழுத்துச் சங்கிலியின் கொக்கி அளவு உலோகம் ஓர் ஏக்கருக்கு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

நாற்பது ஆண்டு ஓடட்டும். 80 கிராம் ஆகிவிடும். ஓர் ஏக்கரின் மேல்மண்ணை, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிறுத்தால் ஏறக்குறைய 8 இலட்சம் கிலோ வரும். 80 கிராமை அதில் பகிர்ந்தால் ஒரு கிலோ மண்ணுக்கு 0.1 மில்லிகிராம் கூடியிருக்கும். சாதாரண மண்ணில் இயல்பாகவே கிட்டத்தட்ட அந்த அளவு காட்மியம் உண்டு. ஆக, நாற்பது ஆண்டில் இரட்டிப்பு. கவலை தருவதுதான். ஆனாலும் அபாயம் இல்லை.

இங்கே நிறுத்திவிட்டால் கணக்கு பொய் சொல்லும். தோட்டத்தில் யாரும் உரத்தை ஒரே சீராகப் பரப்புவதில்லை. மரத்தடி வட்டத்தில் கொட்டுவார்கள். அந்த வட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு என்றால், அங்குள்ள மண்ணில் கூடுதல் 0.1 அல்ல, 1 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் கழிவுநீர்க் கசடு போடும் விளைநிலங்களுக்கு 1986இல் வகுத்த காட்மிய வரம்பு 1 முதல் 3 மில்லிகிராம் வரை. சராசரியில் சாதுவாகத் தெரிந்த நிலம், வட்டத்துக்குள் வரம்பின் வாசற்படியில் நிற்கிறது. மழையில் கரைந்தோடியதையும் மண்ணரிப்பில் போனதையும் நான் கழிக்கவில்லை. கழித்தால் எண் கொஞ்சம் இறங்கும். ஆனால் காட்மியம் மட்கிப் போகும் பொருள் அல்ல. மண்ணிலிருந்து அது போனால் ஆற்றுக்கோ குளத்துக்கோ போயிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது அதே ஏக்கரில் 20க்குப் பதில் 5 மில்லிகிராம் உள்ள பாறையைப் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் கூடுதல் 1 அல்ல, கால் மில்லிகிராம். வேறு எதையும் மாற்றவில்லை. வேலையாள், மழை, மரம் எல்லாம் அதே. கப்பல் ஏறிய துறைமுகம் மட்டும் வேறு.

ஒரே அமிலம், இரண்டு வேலை

மண்ணில் இருப்பதெல்லாம் செடிக்குள் போய்விடாது. காட்மியம் களிமண் துகள்களிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை அங்கிருந்து பெயர்த்து மண்ணீருக்குள் தள்ளுவது அமிலம். நீரில் வந்த பிறகு, துத்தநாகத்துக்கும் கால்சியத்துக்கும் வைத்த வழியாக அது வேருக்குள் நுழைந்துவிடும். வேருக்கு இவற்றை வேறுபடுத்தத் தெரியாது.

பேராக் மண்ணின் சிக்கல் இதுதான். பாறை மாவைக் கரைத்து மரத்துக்கு ஊட்டிய அதே அமிலம்தான், அதோடு வந்த உலோகத்தையும் அவிழ்த்துவிடுகிறது. பொட்டாஷ் உரத்தோடு வரும் குளோரைடும் தன் பங்குக்குக் காட்மியம் வேருக்குள் போவதை எளிதாக்குகிறது.

உடலுக்குள் போனால் காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் கமியோகா சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து நெல்வயலுக்குப் பாய்ந்தது. அந்தச் சோற்றை உண்டவர்களுக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு மிருதுவாகி ஒடிந்தது. காரணம் காட்மியம் என்று 1968இல் அரசு ஏற்றுக்கொண்டது. அது சுரங்கக் கழிவு. உரத்தால் வந்த சேர்மானம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டையும் ஒன்றாக்கிப் பீதி கிளப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உரத்தின் காட்மியம் ஒரு தலைமுறையை வீழ்த்தாது. அடுத்தடுத்த தலைமுறைகளின் தட்டில் சிறுகச் சிறுகக் கூடும்.

பாறையைச் சுத்தப்படுத்த முடியுமா?

அரிசியில் கல் பொறுக்குவது போல இதைப் பொறுக்க முடியாது. பாறைப் படிகத்தில் கால்சியம் உட்காரும் இடத்தில் காட்மியம் உட்கார்ந்திருக்கிறது. கழுவினாலும் சலித்தாலும் அதில் பெரும்பகுதி போகாது.

ஒரு வழி சூளை. பாறையை 800 முதல் 1,000 டிகிரி வரை சுட்டால் காட்மியத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அந்த ஆவியைப் பிடித்து அடைக்க வேண்டும், இல்லையேல் காற்றுக்குப் போய்விடும். எரிபொருள் செலவு பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்ட பாறை இறுகிவிடும். மண்ணில் எளிதில் கரையாது. ஆலையில் அமிலம் ஊற்றிக் கரைப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. நேரடியாக மண்ணில் தூவும் நம் தோட்டக்காரருக்கோ, சுத்தமான ஆனால் பயன் குறைந்த மாவு கிடைக்கும். தீப்பாறையிலும் இதே தொல்லை. காட்மியம் இல்லை, ஆனால் கல் போலக் கிடக்கும். எப்பாவல பாறையை இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே ஒதுக்கி வைத்திருப்பதற்கு அந்த மந்தகதியும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, பாறை திரவமான பிறகு பிடிப்பது. ஆலையில் பாறையின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் பாஸ்பாரிக் அமிலமும் ஜிப்சமும் பிரியும். காட்மியத்தில் கொஞ்சம் ஜிப்சத்தோடு போகும், மீதி அமிலத்தில் நிற்கும். ஜிப்சம் எந்த வடிவில் படிய வேண்டும் என்று வெப்பத்தை வைத்துக் கட்டுப்படுத்தினால் கூடுதல் காட்மியத்தை அதற்குள் பூட்டலாம். கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கலாம். கந்தகம் சேர்ந்த பொருள்களால் வீழ்படிய வைக்கலாம். குளிர்பானத்தில் சேர்க்கும் பாஸ்பாரிக் அமிலத்தை இப்படிச் சுத்தப்படுத்துவது அன்றாட நடைமுறை. ஆகவே தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. உர மூட்டையின் விலைக்குள் அந்தச் செலவை அடக்குவதுதான் பிரச்சினை. பிரித்தெடுத்த காட்மியத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியும் கூடவே வரும்.

மிச்சமிருப்பது மிகப் பழைய, மிக எளிய வழி. நல்ல பாறையாகப் பார்த்து வாங்கு, அல்லது கெட்டதோடு நல்லதைக் கலந்து எண்ணை இறக்கு. உலகில் இதுவரை நடந்த குறைப்பில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு.

வாங்குபவர் கேட்டால்

சுவீடன் 1994இல் உரத்திலுள்ள காட்மியத்துக்கு வரி விதித்தது. அங்கே விற்ற உரத்தில் காட்மியம் வெகுவாக இறங்கியது. நியூசிலாந்து நெடுங்காலம் நவூரு பாறையால் புல்வெளிகளை வளர்த்தது. புல்லைத் தின்ற ஆடுகளின் சிறுநீரகத்தில் காட்மியம் சேர்ந்தது. 30 மாதத்துக்கு மேற்பட்ட ஆடுகளின் சிறுநீரகத்தை உணவுக்கு அனுப்பாமல் ஒதுக்கும் நிலை வந்தது. 1990களில் உர ஆலைகள் தாமாகவே வரம்பு வகுத்துக்கொண்டு வேறு பாறைகளுக்கு மாறின.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம். அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு கிலோ உரத்துக்கு அல்ல, அதிலுள்ள மணிச்சத்துக்கு. நம் கணக்கின் பாறையில் 30 சதவீதம் மணிச்சத்து என்றால், 20ஐ 0.3ஆல் வகுக்க வேண்டும். விடை 66 சொச்சம். வரம்பைத் தாண்டிவிட்டது. ஒன்றியத்தின் முத்திரையோடு ஐரோப்பாவில் அதை விற்க முடியாது. இயற்கை வேளாண்மைக்கான கோடெக்ஸ் நெறிமுறையோ பாறை மாவுக்கு 90 வரை இடம் தருகிறது. "இயற்கை" என்ற சொல்லை நம்பி வாங்குகிறவர், ஐரோப்பாவின் சாதாரண உரத்தைவிடத் தளர்ந்த வரம்பை ஏற்றுக்கொள்கிறார்.

பால்மரத்தை யாரும் தின்பதில்லை

பேராக்கில் இவ்வளவு காலம் இது பேசுபொருளாகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் வாய்க்குள் போவதில்லை. செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் மட்டுமே எடுக்கிறோம், காட்மியம் எண்ணெயில் கரைவதில்லை. உலோகம் மண்ணில் கிடந்தது, யாரும் கேட்கவில்லை.

தோட்டங்கள் துண்டானதும் நிலைமை மாறியது. பால்மர நிலம் வீட்டுமனையாகிறது, பழத்தோட்டமாகிறது, காய்கறிப் பாத்தியாகிறது. கீரை வகைகள் காட்மியத்தை மற்றப் பயிர்களைவிட அதிகம் இழுக்கும். கிழங்குகள் அடுத்து வரும். பயற்றங்காய் போன்றவை குறைவாகவே எடுக்கும். கொக்கோவும் காட்மியத்தைச் சேர்க்கும் மரம். ஹிலிர் பேராக்கில் தென்னைக்கு ஊடே கொக்கோ பயிரிட்ட பகுதிகள் உண்டு. சாக்லேட்டில் காட்மிய வரம்பை ஐரோப்பா 2019 ஜனவரி முதல் அமல்படுத்தியபோது, நிலத்தின் பழைய கணக்கு ஏற்றுமதிச் சந்தையின் கணக்காகிவிட்டது.

கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கக் குட்டை நிலங்கள் தனிக் கதை. அங்கே ஆர்சனிக் போன்றவை தாதுவோடு வந்தவை. அந்தப் பழியை உரத்தின் மேல் போடக் கூடாது.

மலை தரும் மாற்று

மண்ணில் சேர்ந்துவிட்டதை எடுக்க நடைமுறையில் வழி இல்லை. அசையாமல் கட்டிப்போடலாம். அதற்கான பொருள் ஈப்போவைச் சுற்றியே நிற்கிறது. கல்லுமலைக் கோயில் ஒதுங்கியிருக்கும் அதே சுண்ணாம்புக் குன்றுகளின் வரிசையில், சிம்பாங் பூலாய் பக்கம் கல்லை வெட்டி அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் மாவை மண்ணில் கலந்தால் அமிலம் தணியும். காட்மியம் மறுபடியும் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மட்கிய எருவும் அதைப் பிடித்து வைக்கும். மலைகள் கரைவதைப் பார்க்கும்போது இந்த மருந்தை முழு மனதோடு எழுதிக்கொடுக்க எனக்குக் கை வருவதில்லை. ஆனால் ஒரு பாத்திக்குத் தேவை சில கிலோதான்.

ஒரு விஷயத்தைத் தோட்டக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். சுண்ணாம்பு போட்ட மண்ணில் பாறை மாவு கரையாது. அமிலத்தைத் தணித்துவிட்டு அமிலத்தை நம்பும் உரத்தைப் போடுவது காசை மண்ணில் புதைப்பது. அங்கே தேவை நீரில் கரையும் பாஸ்பேட், அதுவும் மண்பரிசோதனை சொல்லும் அளவுக்கு மட்டும். பல பழைய பாத்திகளில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்து கிடக்கும். அங்கே போடாமல் விடுவதே காட்மியத்தைக் குறைக்கும் செலவில்லாத வழி.

அந்தப் பின்கட்டு வாதத்துக்கு வருவோம். ஒரே பாறையிலிருந்து வந்திருந்தால் பாறை மாவும் ஆலைக் குருணையும் காட்மியத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆலையில் கொஞ்சம் ஜிப்சத்தோடு கழிந்திருக்கவும் கூடும். பாறை வேறானால், நல்ல பாறையில் செய்த "கெமிக்கல்" கெட்ட பாறையின் "இயற்கை"யைவிடச் சுத்தம். நீங்கள் பழைய தோட்ட நிலத்தில் குடியேறியவராக இருந்தால், முளைக்கீரை விதைக்கும் முன் மேல்மண்ணை எடுத்து அமில அளவையும் காட்மியத்தையும் சோதித்துவிடுங்கள். எண் அதிகமாக வந்தால் அந்தப் பாத்தியில் கீரையை விட்டுவிட்டுப் பயற்றங்காய் போடுங்கள்.